தீனி வைத்தால் பறவை சோம்பேறியாகிவிடுமா? ஃபின்லாந்துக் குளிரில் இரண்டு குருவிகள்

பனிக்காலத்தில் பறவைகளுக்குத் தீனி வைப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "வைக்காதீங்க, பழகிடும். அப்புறம் தானா இரை தேடத் தெரியாமப் போயிடும்." இதற்கு நேர் எதிர்ப் பேச்சும் உண்டு. நாம் தீனி வைக்காவிட்டால் அத்தனையும் செத்துப்போகும் என்பார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம், நகரமே பறவைகளுக்கு எமன் என்று முடித்துவிடும். மூன்றையும் எவ்வளவு கேட்டாலும் மனம் சமாதானமாகவில்லை. உலகத்தில் ஒரே ஒரு பறவைதான் இருப்பது போல மூவருமே 'பறவை' என்று ஒருமையில் பேசுகிறார்கள். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. குளிர்நாட்டு நகரம் ஒரு பறவையைத் தூக்கிவிடுகிறது, அதன் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும் இன்னொன்றைக் கண்டுகொள்வதே இல்லை. ஏன் அப்படி என்று பார்க்க ஃபின்லாந்தைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கே பனிக்காலப் பறவைக் கணக்கெடுப்பு 1956-57 குளிர்காலத்திலிருந்து நடந்துவருகிறது. தன்னார்வலர்கள் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள அதே பாதையில், ஒரு பருவத்துக்கு மூன்று தவணையாக நடந்து எண்ணுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் வரும் இரண்டு குருவிகளில் முதலாவது, பெரிய பட்டாணிக்குருவி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் பார்க்கும் சாம்பல் நிறப் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய உறவு. முன்பு இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். மஞ்சள் வயிறு, நடுவே கறுப்புப் பட்டை, எடை சுமார் 18 கிராம். இரண்டாவது வில்லோ டிட். பழுப்பும் சாம்பலுமாக, கறுப்புத் தொப்பி போட்ட சிறிய குருவி, சுமார் 11 கிராம். இரண்டுமே குளிருக்குப் பயந்து தெற்கே போகாமல் அங்கேயே தங்குபவை.

இருபது மணி நேர இரவு

வடக்கு அட்சரேகை 65 பாகையில் இருக்கிறது ஓவ்லு நகரம். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேலே நிற்பது மூன்றரை மணி நேரம்தான். முன்னும் பின்னும் வரும் மங்கல் வெளிச்சத்தைச் சேர்த்தாலும் இரை தேட ஆறு மணி நேரத்துக்கு மேல் தேறாது. மைனஸ் 20 டிகிரி என்பது அங்கே சாதாரணக் குளிர். பகலில் குருவியின் உடல் வெப்பம் 42 டிகிரி. உடலுக்கும் வெளிக்காற்றுக்கும் 60 டிகிரிக்கு மேல் வித்தியாசம். நடுவே இருப்பது உப்பவைத்த இறகும் அதில் சிக்கிய காற்றும் மட்டுமே. இரவு முழுக்கத் தசைகளை நடுங்கவைத்துத்தான் குருவி சூடு உண்டாக்குகிறது. அதற்கு எரிபொருள் கொழுப்பு. ஒரு பகலில் ஒன்றிலிருந்து இரண்டு கிராம்வரை கொழுப்பை ஏற்றிக்கொண்டு, அதை அன்றிரவே எரித்து முடித்துவிட்டு, காலையில் மறுபடி வெறுங்கையோடு தொடங்குகிறது.

ஒரு வாரத்துக்குத் தேவையான கொழுப்பை ஒரேயடியாகச் சேர்த்துவைத்துக்கொள்ள முடியாதா என்று தோன்றும். முடியாது. உடல் கனத்தால் கிளையிலிருந்து எழும்பும் வேகம் குறையும், சிட்டுப்பருந்துக்கு அது போதும். எனவே தினமும் அன்றைய இரவுக்கான கட்டுச்சோறு மட்டுமே. ஒரு பிற்பகல் இரை கிடைக்கவில்லையென்றால் அடுத்த காலை அந்தக் குருவி இருப்பதே சந்தேகம்.

வில்லோ டிட் இந்தக் கணக்கைத் தீர்க்க இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, கோடை முடியும்போதே சேமிக்கத் தொடங்கிவிடும். ஸ்ப்ரூஸ், பைன் விதைகள், சிலந்தி, புழு என்று கிடைத்ததையெல்லாம் மரப்பட்டை இடுக்கிலும் பாசிக்கடியிலும் ஒவ்வொன்றாக ஒளித்துவைக்கும். ஒரு பருவத்தில் ஒரு குருவி ஒளிப்பது பல்லாயிரம். சிறு குழுவாக, ஒரே காட்டுத் துண்டை விட்டு நகராமல் குளிர்காலத்தைக் கழிப்பதால் அந்தச் சேமிப்பு கைவிட்டுப் போவதில்லை. இரண்டாவது, இரவில் உடல் வெப்பத்தைப் பல டிகிரி இறக்கிக்கொள்ளும். நார்வேயில் ராண்டி ரைனெர்ட்சனும் ஸ்வைன் ஹாஃப்டோர்னும் இதை விரிவாக அளந்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் இதன் உறவான கறுந்தொப்பிச் சிக்கடி பகல் வெப்பத்திலிருந்து 10, 12 டிகிரிவரை இறங்குவதை 1970களில் சூசன் சாப்ளின் காட்டினார். உடல் கொஞ்சம் ஆறினால் எரிக்கவேண்டிய கொழுப்பும் குறையும்.

பட்டாணிக்குருவிக்குச் சேமிக்கும் பழக்கமே கிடையாது. இது இலையுதிர் காட்டுப் பறவை, தெற்கத்தியப் பறவை. 20ஆம் நூற்றாண்டில்தான் ஃபின்லாந்தின் வடகோடிவரை பரவியது. மனிதர்களின் வீட்டை ஒட்டியே பரவியது. அந்த நாட்டில் ஜனவரிக் கடைசி வாரம் மக்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரம் பறவைகளை எண்ணுகிறார்கள். 2006 முதல் நடக்கும் அந்தக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய எல்லா முற்றத்திலும் தென்படுவது இந்தப் பட்டாணிக்குருவிதான்.

விஸ்கான்சின் ஒன்று சொல்ல, ஓவ்லு வேறொன்று சொல்கிறது

'பழகிவிடும்' என்ற வாதத்துக்குப் பதிலாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாமும் ஸ்டான்லி டெம்பிளும் செய்த ஆய்வு. 1988இல் வெளிவந்தது. தீனி கிடைத்த கறுந்தொப்பிச் சிக்கடிகளில் 69 சதவீதம் குளிர்காலத்தைத் தாண்டின. கிடைக்காதவற்றில் 37 சதவீதம் மட்டுமே. இன்னும் நுட்பமாகப் பார்த்தால், இந்த வித்தியாசம் முழுப் பருவத்துக்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போன நாட்கள் ஐந்துக்கு மேல் இருந்த மாதங்களில்தான் தீனி உயிரைக் காப்பாற்றியது. மற்ற மாதங்களில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. 1992இல் அதே இருவர் அடுத்த கேள்விக்குப் போனார்கள். 25 ஆண்டுகளாகத் தீனி வைக்கப்பட்ட ஓரிடத்தில் அதை அடியோடு எடுத்துவிட்டு, தீனியையே பார்த்திராத சிக்கடிகளோடு ஒப்பிட்டார்கள். பிழைத்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. தீனி தாராளமாக இருந்தபோதுகூட அந்தக் குருவிகள் தங்கள் அன்றாடத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அங்கே எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் காட்டில்தான் தேடின.

ஆக, பழகிவிடும் என்பது வெறும் பேச்சு என்று இதோடு முடித்துவிடலாம். பெரும்பாலான கட்டுரைகள் இங்கேதான் முடிகின்றன. ஆனால் விஸ்கான்சின் ஆய்வுக்கு அடுத்த ஆண்டு, 1989இல், 'ஐபிஸ்' என்ற பறவையியல் இதழில் ஓவ்லு பல்கலைக்கழகத்தின் மார்க்கு ஓரெல் எழுதிய கட்டுரையை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் தரை நழுவுகிறது. ஓவ்லுவின் பட்டாணிக்குருவிகளை, மனிதர் இடும் குளிர்காலத் தீனியை நம்பி வாழும் கூட்டம் என்றே அவர் குறிப்பிடுகிறார். அங்கே தீனியை நிறுத்திப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு ஆய்வுகளும் மோதிக்கொள்ளவில்லை. விஸ்கான்சின் சிக்கடி சேமிக்கும் பறவை, அந்தக் காட்டுக்கே உரியது, இரவில் உடல் வெப்பத்தை ஆழமாக இறக்கிக்கொள்ளும். தீனி அதற்கு உபரி. ஓவ்லுவின் பட்டாணிக்குருவியோ கையில் சேமிப்பு இல்லாமல், தன் தாங்குசக்தியின் எல்லைக்கு வெளியே வந்து குடியிருக்கிறது. தீனி அதற்கு ஆதாரம். இதைச் சோம்பேறித்தனம் என்பது அந்தக் குருவிக்குச் செய்யும் அநியாயம். ஆறு மணி நேர வெளிச்சத்தில் மைனஸ் 20இல் பறந்து பறந்து விதை உடைத்துத் தின்னும் எதையும் சோம்பேறி என்று யாரும் சொல்லக்கூடாது. நாம் கூப்பிட்ட இடத்துக்கு அது வந்திருக்கிறது, அவ்வளவுதான். கூப்பிட்டவருக்குப் பொறுப்பு உண்டு என்பது என் கட்சி.

நகரம் வேறு என்ன தருகிறது

தீனி ஒரு பக்கம் இருக்க, வெப்பமும் உண்டு. இரவில் நகர மையம் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். கட்டடக் கூரையின் இடுக்குகளில் சிட்டுக்குருவி இரவைக் கழிக்கும். வெப்பம் கசியாதபடி பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது அந்த இடுக்குகள் அடைபடுகின்றன. முன்பு வட நாட்டு ஊர்களில் குதிரை லாயமும் சிந்திய ஓட்ஸும் இருந்தவரை சிட்டுக்குருவிக்கும் மஞ்சள் பன்டிங் என்ற சிறு பறவைக்கும் குளிர்காலச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்துமஸுக்கு ஓட்ஸ் கதிர்க்கட்டைக் கம்பத்தில் கட்டிவைக்கும் வழக்கம் நார்டிக் நாடுகளில் இன்னும் இருக்கிறது. லாயம்தான் போய்விட்டது.

உறையாத தண்ணீரும் நகரத்தின் கொடைதான். அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸில் மைனஸ் 40 வரை இறங்கும். ஆனாலும் நகர நடுவே ஓடும் சீனா (Chena) என்ற ஆற்றில், மின் நிலையத்திலிருந்து வரும் வெந்நீர் ஒரு பகுதியை உறையவிடாமல் வைத்திருக்கிறது. அதை நம்பி நூற்றுக்கணக்கான மல்லார்ட் வாத்துகள் தெற்கே போகாமல் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஓவ்லுவின் பட்டாணிக்குருவிக்குச் சொன்னது இவற்றுக்கும் பொருந்தும். இவற்றின் உயிர் ஓர் ஆலையின் இயக்கத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

பிறகு, நகரங்களில் அழகுக்காக நட்ட ரோவன் மரங்கள். ஹெல்சின்கியிலும் அலாஸ்காவின் ஆங்கரேஜிலும் வாக்ஸ்விங் என்ற பழந்தின்னிப் பறவைக் கூட்டங்கள் வந்து இறங்கினால் தெரு முழுக்கச் சிவப்புப் பழங்கள் ஒன்றிரண்டு நாளில் காலியாகும். அந்த மரங்களுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர் இருந்தால், பயந்து எழும்பும் கூட்டம் அப்படியே அதில் போய் மோதும். பழமரத்தை எங்கே நடுவது என்று முடிவு செய்யும் நகராட்சிப் பூங்காத் துறையினர் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. வண்ணப் பழம் தரும் மரத்தைக் கண்ணாடி முகப்புக்கு எதிரில் நடுவதைவிடத் தவறான இடம் இல்லை.

ஒரே தட்டில் சாப்பிடுவதன் விலை

காட்டில் சிதறித் தின்னும் பறவைகளை நகரம் ஒரே தட்டுக்குக் கூட்டிவருகிறது. நோய்க்கு அது கொண்டாட்டம். டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி பிரிட்டனில் 2005இல் கிரீன்ஃபிஞ்ச் என்ற விதைதின்னிக் குருவிகளிடம் வெடித்தது. 2008இல் ஃபின்லாந்தை எட்டியது. பறவையின் தொண்டையில் புண் வரும், விழுங்க முடியாது. விழுங்க முடியாமல் உமிழ்ந்த ஈரமான விதையை அடுத்த பறவை எடுத்துத் தின்னும். உப்பிய இறகும், ஈரமான அலகும், பக்கத்தில் போனாலும் பறக்காத மந்தமும் அடையாளங்கள். ஃபின்லாந்தில் ஒருகாலத்தில் தீனித்தட்டுகளை நிறைத்த கிரீன்ஃபிஞ்ச் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. இந்த ஒட்டுண்ணிக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் செத்துவிடும். தட்டைக் கழுவச் சொல்பவர்கள் காயவைப்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

ஆங்கரேஜ் பக்கம் 1990களின் இறுதியிலிருந்து சிக்கடிகளின் அலகு கண்டபடி நீண்டு வளைவதைப் பார்க்கிறார்கள். தென்-மத்திய அலாஸ்காவின் முதிர்ந்த கறுந்தொப்பிச் சிக்கடிகளில் ஆண்டுக்குச் சராசரியாக 6.5 சதவீதம் இப்படி இருந்ததாக அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் காலீன் ஹேண்டெல் குழு பதிவு செய்தது. பின்னால் இதோடு தொடர்புடைய ஒரு வைரஸும் கண்டுபிடிக்கப்பட்டது. அலகு கோணினால் விதை உடைக்க முடியாமல் போவதோடு நிற்காது. இறகு கோத முடியாது. கோதாத இறகு ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்காது, குளிர் நேரே தோலுக்குள் இறங்கும்.

வைப்பதென்றால்

இத்தனையும் தெரிந்த பிறகும் என் பதில்: வையுங்கள். ஆனால் முறையோடு. அக்டோபர் கடைசியில் தொடங்கினால் ஏப்ரலில் பனி கரையும்வரை நிறுத்தாதீர்கள். இடையில் மூன்று வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆளில்லையென்றால் தொடங்காமல் இருப்பதே மேல். விடிவதற்கு முன்பே தீனி இருக்கவேண்டும். இரவெல்லாம் எரித்துவிட்டு வரும் குருவிக்கு முதல் அரை மணி நேரம் முக்கியம். அதனால் முந்தின மாலையே நிரப்பிவிடுவது நல்லது.

கொழுப்புக்கு ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி, மாவுச்சத்துக்கு 4. எனவே ரொட்டித் துண்டு குருவியின் வயிற்றை நிரப்புமே தவிர இரவைத் தாண்டவைக்காது. மெல்லிய ஓடுள்ள கறுப்புச் சூரியகாந்தி விதை எல்லாவற்றிலும் சிறந்தது. கொஞ்சம் கூடுதல் செலவானாலும் தோலுரித்த விதை வாங்கினால் கீழே உமி சேராது, எலியும் வராது. உப்பில்லாத வேர்க்கடலை நல்லது, ஆனால் பூசணம் பிடித்தது துளி இருந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். அந்த நஞ்சு பறவையின் ஈரலைத் தாக்கும். நம் வீட்டில் மிஞ்சிய சோறு, சாம்பார் சாதம், தாளித்த எதுவும் வேண்டாம். அந்த உப்பைத் தாங்கும் சிறுநீரகம் சிறு குருவிக்குக் கிடையாது.

கொழுப்புக் கட்டி செய்வது எளிது. உப்புச் சேராத மாட்டுக் கொழுப்பு ஒரு பங்கு, ஓட்ஸும் சூரியகாந்திப் பருப்பும் உடைத்த வேர்க்கடலையும் சேர்ந்து இரண்டு பங்கு, எடைக்கணக்கில். கொழுப்பை மிதமான சூட்டில் உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு உலர்பொருட்களைக் கலந்து, கொட்டாங்குச்சியில் அழுத்தி நிரப்பி ஆறவிடுங்கள். கண்ணில் துளையிட்டுக் கயிறு கோத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் பட்டாணிக்குருவி வந்து தொற்றிக்கொள்ளும், புறாவும் காகமும் அவ்வளவு சுலபமாக நெருங்க முடியாது. சமையல் எண்ணெயும், இறைச்சி வறுத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பும் இதற்கு உதவாது. அவை இளகி இறகில் அப்பிக்கொள்ளும். அப்பிய இடத்தில் காற்று தங்காது. கடையில் விற்கும் கொழுப்புருண்டைகளைப் பிளாஸ்டிக் வலையிலிருந்து எடுத்துவிட்டே வைக்கவேண்டும், வலையில் கால் சிக்கும்.

திறந்த தட்டைவிடக் குழாய் வடிவத் தீனிக்கூண்டு பாதுகாப்பானது. பறவைகள் தின்னும் இடத்திலேயே நின்று எச்சமிடுவது குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, அலசி, முழுக்கக் காயவைக்கவேண்டும். மைனஸ் 15இல் வெளியே எதுவும் காயாது, உறையும். அதனால் கூண்டு இரண்டு வேண்டும். ஒன்று வீட்டுக்குள் காயும்போது மற்றது வெளியே தொங்கும். நோயுற்ற பறவை ஒன்று கண்ணில் பட்டால் தீனியை உடனே நிறுத்தி, சில வாரம் இடைவெளி விட்டு, கீழே சிதறியதையும் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது நிறுத்தக்கூடாது என்று சொன்ன நானேதான் இதையும் சொல்கிறேன். தொற்று பரவும்போது கூட்டத்தைக் கலைப்பதே முதல் வேலை.

கண்ணாடி விஷயத்தில் தூரம்தான் முக்கியம். கூண்டைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால். ஒட்டிவைத்தால் பறவை எழும்பும்போது வேகம் பிடித்திருக்காது, மோதினாலும் பிழைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் கொல்லும் தூரம். ஃபின்லாந்தின் அடுக்குமாடிகளில் கண்ணாடி அடைத்த பால்கனிகள் மிகுதி. இரு பக்கக் கண்ணாடி வழியே மறுபுறத்து மரம் தெரிந்தால் பறவைக்கு அது திறந்த வழி. பருந்து உருவ ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் ஒட்டுவதால் பயனில்லை, அதைச் சுற்றிக்கொண்டு வந்து மோதும். கண்ணாடியின் வெளிப்புறத்தில், 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளியோ கோடோ முழுப் பரப்புக்கும் இருந்தால்தான் வேலை செய்யும்.

தீனியால் தீராதது

இனி வில்லோ டிட். தீனிக்கூண்டுக்கு அதுவும் வரும். ஒரு விதையை எடுக்கும், உடனே பறந்துபோய் எங்காவது ஒளித்துவிட்டு வரும். பட்டாணிக்குருவி உருவத்தில் பெரியது. கூண்டருகில் அதைத் துரத்தும். எனவே கூண்டை எத்தனை நிரப்பினாலும் ஆதாயம் பெரும்பாலும் ஒரு பக்கமே போகிறது. 2019இல், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைக் குறிக்கும் ஃபின்லாந்தின் செம்பட்டியலில் வில்லோ டிட் அழியும் அபாயத்தில் உள்ள பறவையாகச் சேர்க்கப்பட்டது. ஒருகாலத்தில் அந்நாட்டுக் காடுகளில் மிகச் சாதாரணமாகத் தென்பட்ட பறவை. முதன்மைக் காரணம் காடு வெட்டுவதும், அடிமரப் புதர்களையும் பட்ட மரங்களையும் சுத்தம் செய்வதும். நகரத்தை ஒட்டிய காட்டுத் துண்டுகளிலும் இதே கதைதான்: பாதை ஓரம் பார்வைக்குத் துப்புரவாக இருக்கவேண்டும் என்று உளுத்த பிர்ச் மரத்தை அறுத்து எடுத்துவிடுகிறார்கள்.

அந்த உளுத்த மரம்தான் அதற்கு வீடு. ஒவ்வொரு வசந்தத்திலும் வில்லோ டிட் இணை தன் பொந்தைத் தானே புதிதாகக் குடையும். அதன் சின்ன அலகு மெத்தென்று மக்கிய மரத்தை மட்டுமே தோண்டும். பட்டாணிக்குருவி 32 மில்லிமீட்டர் துளையிட்ட மரப்பெட்டியில் திருப்தியாகக் குடியேறிவிடும், குளிர்கால இரவிலும் அதில் உறங்கும். வில்லோ டிட்டுக்குக் காலிப் பெட்டி வேண்டாம். தோட்டத்திலோ குடியிருப்பை ஒட்டிய காட்டிலோ பட்ட பிர்ச் இருந்தால், ஆபத்தான மேற்பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, இரண்டு மீட்டர் அடித்தண்டை அப்படியே நிற்கவிடலாம். அதுவும் இல்லாத இடத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள, விரல் நகத்தால் அழுத்தினால் குழியும் அளவுக்கு மக்கிய பிர்ச் கட்டையைப் பட்டையோடு எடுத்து, உயிருள்ள மரத்தின் அடியில் செங்குத்தாக நிறுத்தி இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டவேண்டும். பட்டை உரிந்த கட்டை சீக்கிரம் உலர்ந்து இறுகிவிடும், அதைக் குருவி தொடாது. புதர் அடர்ந்த, ஈரமான மூலையாகப் பார்த்து, தீனிக்கூண்டிலிருந்து தள்ளி, மார்ச் பிறப்பதற்குள் கட்டிவிடவேண்டும். ஏப்ரலில் அது குடையத் தொடங்கிவிடும்.